பதினேழாம் மேஜையில் பென்சில் கூடாது

மனித குலம் மூடநம்பிக்கையிலிருந்து விடுதலை பெற்ற இடம் லாஸ் வேகஸ், பௌல்டர் நெடுஞ்சாலை, காப்பர் லாண்டர்ன் சூதாட்ட விடுதி, பதினேழாம் எண் மேஜை. நேரம், மார்ச் நான்காம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. பிற்கால வரலாற்றாசிரியர்கள் குழம்பிவிடக் கூடாதே என்று லைல் பிரபேக்கர் தன் கைக்கடிகாரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தான். சூதாட்ட விடுதியில் சுவர்க் கடிகாரம் கிடையாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பரவாயில்லை, பத்து என்றே இருக்கட்டும்.

அந்த நேரத்தில் மனித குலத்தின் சார்பில் அங்கே இருந்தவர்கள் பதினான்கு பேர். எல்லோரும் ஸ்லாட் மெஷின்களுக்கு முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். விடுதலை வந்து நிற்பதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

லைல் கண்டுபிடித்த ஆட்டத்தின் பெயர் கேன்யன், அதாவது ஆற்றுப் பள்ளத்தாக்கு. விதி மிகச் சுலபம். டீலர் நடுவில் ஒரு சீட்டைத் திறந்து வைப்பாள், அது நதி. நதிக்கு வடக்கே ஒரு சீட்டு, தெற்கே ஒரு சீட்டு. எந்தக் கரையின் எண் நதியின் எண்ணுக்கு நெருக்கமோ அந்தக் கரைக்கு வெற்றி. ஆட வந்தவர் சீட்டு வருவதற்கு முன்பே வடகரையிலோ தென்கரையிலோ பந்தயம் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு கரையும் சம தூரத்தில் நின்றால் பந்தயத்தில் பாதி விடுதிக்கு. ஒன்பது ஆட்டத்துக்கு ஒரு தடவை அப்படி ஆகும். விடுதியின் பிழைப்பு அந்த ஒன்பதாவது ஆட்டத்தில் இருக்கிறது.

யோசிக்க ஒன்றுமில்லை, தந்திரம் இல்லை, சீட்டைத் தொடுவதுகூட இல்லை. இயந்திரமே கலைத்துக் கொடுக்கும். லைல் அப்படித்தான் வேண்டும் என்று செய்தான். நகரத்தின் பெரிய ஹோட்டல் ஒன்றில் ஒன்பது வருடம் பக்காரா மேஜையில் சீட்டுப் போட்டவன் அவன். பக்காரா ஆடுகிறவர்களுக்கு விடுதி ஒரு குறிப்பு அட்டையும் துண்டுப் பென்சிலும் இலவசமாகக் கொடுக்கும். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயித்தது சிவப்புப் பக்கமா நீலப் பக்கமா என்று அவர்கள் கட்டம் கட்டமாக வட்டம் போட்டுக்கொண்டே போவார்கள். அப்புறம் அந்த வட்டங்களை, டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். "நாலு தடவை சிவப்பு வந்தாச்சு, இனி நீலந்தான்" என்பார் ஒருவர். "நாலு தடவை சிவப்பு வந்தாச்சு, சிவப்பு காலம் நடக்குது" என்பார் பக்கத்திலிருப்பவர். இருவரும் ஒரே அட்டையைத்தான் பார்த்திருப்பார்கள். ஒன்பது வருடம் இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்த ஒரு மனிதன் கொலைகாரன் ஆகியிருக்கலாம். லைல் கண்டுபிடிப்பாளன் ஆனான்.

வேலையை விட்ட நாளில் டீலர்களின் ஓய்வறையில் நின்று இடுப்பு ஏப்ரனைக் கழற்றி மேஜைமேல் வீசினான். முப்பது பேர் நூடுல்ஸ் சாப்பிட்டபடி அவனைப் பார்த்தார்கள்.

"இன்னொரு தடவை நான் இதைக் கட்டினேன்னா, என் கையில ஒரு பென்சிலையும் கொடுத்துடுங்க. நானும் வட்டம் போட்டுட்டு உக்காந்திருக்கேன்."

யாரோ ஒருவர் கைதட்டினார். கைதட்டினாரா, டீலர்கள் மேஜையை விட்டு எழும்போது கேமராவுக்காகக் கைகளைத் தட்டி உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்களே, அந்தப் பழக்கத்தில் தட்டினாரா என்பது தெரியவில்லை. லைல் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான்.

கேன்யன் மேஜைத்துணியில் வடகரை, தென்கரை, நதி ஆகிய மூன்று இடங்களும் அழகாக அச்சிடப்பட்டிருந்தன. மேலே வளைவாகத் தங்க எழுத்தில் ஒரு வாக்கியம்: "சீட்டுகளுக்கு ஞாபகம் கிடையாது. நடந்ததற்கும் நடக்கப்போவதற்கும் சம்பந்தமில்லை."

காப்பர் லாண்டர்னின் மேஜை ஆட்டங்களுக்கு மேலாளர் ட்வைட் கெஸிங்கர், துணியை விரித்த அன்று அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது என்னப்பா?"

"உண்மை, ட்வைட்."

"உண்மைங்கறது எனக்கும் தெரியுது. அதை எதுக்கு மேஜை மேல எழுதி வெச்சிருக்கே? கறிக்கடைக்காரன் போர்டுல பசு மாட்டுக்குப் பேர் எழுதி வெப்பானா?"

ஆனால் அழிக்க முடியாது. புதிய ஆட்டம் ஒன்று வேகஸ் தரையில் கால் வைப்பதற்கு முன்னால், அதன் கணக்கை ஒரு பரிசோதனைக் கூடம் சரிபார்க்க வேண்டும். விதி, துணி, எழுத்து என்று எல்லாவற்றையும் மாநில அதிகாரிகள் ஏற்க வேண்டும். ஏற்றபின் துணியில் ஒரு நூலை மாற்றினாலும் மறுபடி மனு, மறுபடி மூன்று மாதம். லைலுக்குக் கிடைத்திருந்தது அறுபது நாள் சோதனை ஓட்டம். அறுபதாம் நாள், மே இரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை, கில் ஸ்டாட்லர் மேஜையைப் பார்க்க வருவார்.

கில் ஸ்டாட்லர்தான் எல்லாம். நாடு முழுக்க நூற்றுக்கணக்கான விடுதிகளுக்கு ஆட்டங்களை வாடகைக்கு விடும் நிறுவனத்தின் ஆள் அவர். அவர் கையெழுத்துப் போட்டால் கேன்யன் நாடு முழுக்கப் போகும். போடாவிட்டால் லைல் மறுபடி ஏப்ரன் கட்டப் போக வேண்டும். நடுவில் வேறு வழியில்லை. இருந்த சேமிப்பைப் பரிசோதனைக் கூடம் தின்றுவிட்டது.

இலையுதிர்காலத்தில் நடந்த கண்காட்சியில் கில் அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார். கையில் காகிதத் தட்டில் சுருண்ட இறாலோடு நின்றபடி:

"சரி, ஒரு ஆட்டம் முடிஞ்சுது. அடுத்த சீட்டு வர இருபது செகண்டு ஆகும். அந்த இருபது செகண்டு உக்காந்திருக்கறவன் என்ன பண்ணுவான்?"

"காத்துக்கிட்டிருப்பான்."

"காத்துக்கிட்டிருக்கறதுக்கு அவன் பஸ் ஸ்டாப்புக்குப் போவானே, இங்க எதுக்கு வரணும்? முந்தின முடிவையெல்லாம் காட்டற போர்டு ஒண்ணு மாட்டிடு."

"அது அறிவுக்கு அவமானம், மிஸ்டர் ஸ்டாட்லர்."

கில் இறாலை மென்று விழுங்கினார். "சோதனை ஓட்டம் முடியற அன்னைக்கு வர்றேன். ஆறு நாற்காலியில அஞ்சு நிறைஞ்சிருந்தா கையெழுத்து. அறிவு எத்தனை நாற்காலியில உக்காருதுன்னு பாப்போம்."

முதல் மாதம் அறிவு நின்றுகொண்டுதான் இருந்தது.

பதினேழாம் மேஜைக்குப் பகல் நேர டீலர் மாரிவிக் டொலென்டினோ. மணிலாவில் பிறந்து, வேகஸில் இருபத்திரண்டு வருடமாகச் சீட்டுப் போடுகிறவள். ஆளில்லாத மேஜையில் டீலர் உட்கார முடியாது, சாய முடியாது, போனைத் தொட முடியாது. நின்றபடியே இரு கைகளையும் துணிமேல் வைத்து வருகிறவர் போகிறவரைப் பார்த்துப் புன்னகைக்க வேண்டும். மாரிவிக் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் அப்படிப் புன்னகைத்தாள். டீலருக்குச் சம்பளம் பெயருக்குத்தான். ஜெயித்தவர்கள் தள்ளிவிடும் டிப்ஸில்தான் வீட்டு வாடகை. ஆளில்லாத மேஜை அவளுக்குப் பட்டினி மேஜை.

முதல் வாரமே ஓபல் ஹென்ட்ரி அம்மாள் வந்தார். ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். விடுதி தினமும் எட்டு மணிக்குக் கொடுக்கும் சலுகை விலைக் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு மதியம் வரை சில்லறையாக ஆடுவது அவர் வழக்கம். பணம் கட்டி வாங்கிய பந்தய வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு மேஜைத்துணியை நிதானமாகப் படித்தார்.

"இது என்ன கண்ணு, கோர்ட் நோட்டீஸா?"

"ஆட்டத்தோட கொள்கை, மிஸ் ஓபல்," என்றாள் மாரிவிக்.

"முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டினேன். 'இந்த வண்டி எங்க வேணா போகும், உங்க இஷ்டம் செல்லாது'ன்னு முன்கண்ணாடியில எழுதி ஒட்டியிருந்தா ஒரு குழந்தை ஏறியிருக்குமா?" என்று சொல்லிவிட்டுப் பந்தய வில்லையைக் கைப்பையில் திரும்பப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இருபது அடி தள்ளி ஒரு ஸ்லாட் மெஷின் முன்னால் உட்கார்ந்து லைல் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சோதனை ஓட்டத்தில் கண்டுபிடித்தவன் தன் ஆட்டத்தை ஆடக் கூடாது, மேஜையருகே வரக் கூடாது என்பது விதி. இருபது அடி என்று கெஸிங்கர் கம்பளத்தில் இருந்த ஒரு சூரியகாந்திப் பூவைக் காட்டி எல்லை வைத்திருந்தார். லைலுக்கு அந்தப் பூ மனப்பாடம். உட்காருவான், எழுவான், பூ வரை நடப்பான், திரும்புவான், காபி வாங்குவான், குடிக்க மறப்பான், ஆறியதும் இன்னொன்று வாங்குவான். கால் தானாக ஆடிக்கொண்டே இருக்கும். சாப்பிட்டு எழும்போதுகூட அந்தப் பழைய டீலர் பழக்கத்தில் கைகளைத் தட்டி உள்ளங்கையைக் கூரைக்குக் காட்டுவான். பரிமாறும் பெண் ஒருநாள், "தட்டுல இருந்து எதையும் திருடலைன்னு தெரியும், போங்க" என்றாள்.

நாற்பத்திரண்டாம் நாள், மேஜையைத் தாண்டிப் போன ஒரு தேனிலவுத் தம்பதியை லைல் வழிமறித்து, நாணயத்தை எத்தனை முறை சுண்டினாலும் அதற்கு முந்தையது நினைவிருக்காது என்று பத்து நிமிடம் விளக்கினான். புதுப்பெண் அழுதுவிட்டாள். ஏன் என்று அவனுக்குக் கடைசிவரை புரியவில்லை. கெஸிங்கர் அவனைப் பத்து நாள் விடுதிப் பக்கமே வரக் கூடாது என்று அனுப்பிவைத்தார்.

"என் ஆட்டத்தை நானே பாக்கக் கூடாதா?"

"நீ பாத்தா அது வளர மாட்டேங்குதுப்பா. பால் பொங்கறதைப் பாத்துட்டே நின்னா பொங்குமா?"

"அது மூடநம்பிக்கை, ட்வைட்."

"பத்து நாள்," என்றார் ட்வைட்.

அந்தப் பத்து நாளும் லைல் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைச் சுற்றி நடந்தான். ஐம்பத்திரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, தாடி மழிக்காத முகத்தோடு, சூரியகாந்திப் பூவின் மேல் வந்து நின்றான். நின்றவன் அப்படியே நின்றுவிட்டான்.

பதினேழாம் மேஜையில் ஆறு நாற்காலியும் நிறைந்திருந்தன. பின்னால் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நடுநாயகமாக ஓபல் அம்மாள். தென்கரை ஜெயித்ததும் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், பக்கத்து ஸ்லாட் மெஷின்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

லைல் உடனே போனை எடுத்து கில் ஸ்டாட்லரை அழைத்தான்.

"மிஸ்டர் ஸ்டாட்லர், மக்கள் கணக்கை ஏத்துக்கிட்டாங்க."

"எந்தக் கணக்கை?"

"நிகழ்தகவை! ஆறு நாற்காலி. போர்டு கிடையாது. வெறும் உண்மை. நேர்ல வந்து பாருங்க."

"அடுத்த வெள்ளிக்கிழமைதான் வருவேன். அதுவரைக்கும் உண்மையைப் பத்திரமாப் பாத்துக்கோ," என்று கில் போனை வைத்தார்.

போனைப் பையில் போட்ட பிறகுதான் லைல் கவனித்தான். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஆறு தலைகளும் ஒரே சமயத்தில் குனிந்தன. பிரார்த்தனைக் கூட்டத்தில் குனிவதுபோல. ஆறு கைகளில் ஆறு துண்டுப் பென்சில்கள். ஆறு குறிப்பு அட்டைகள். தங்க எழுத்தில் இருந்த "ஞாபகம் கிடையாது" என்பதன் மேலேயே ஓபல் அம்மாள் தன் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். அடியில் துணி மெத்தென்று இருந்தது போலும்.

மாரிவிக்கின் இடைவேளை பத்தரைக்கு. அவள் கைகளைத் தட்டி விரித்துக் காட்டிவிட்டு, பின்கதவு வழியாக வெயிலுக்கு வந்தாள். லைல் அங்கே காத்திருந்தான்.

"யார் கொடுத்தது அந்தப் பென்சிலை?"

"வா புரொஃபசர். இளைச்சுட்டியே, சாப்பிடறதில்லையா?"

"மாரிவிக், யார் கொடுத்தது?"

"நான்தான். பக்காரா மேஜையில பெட்டி பெட்டியாக் கிடக்குது. நீ போனப்புறம் மிஸ் ஓபல் ஒருநாள் திரும்பி வந்து பேப்பர் நாப்கின்ல லிப்ஸ்டிக்கால கோடு போட்டுட்டிருந்தாங்க. பாக்கவே பாவமா இருந்தது. ஒரு அட்டை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் அவங்க தோழிங்க மூணு பேர் வந்தாங்க."

"அந்த ஆட்டத்தோட அர்த்தமே அதுதான்! எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல! முன்னாடி என்ன வந்தா என்ன?"

"எனக்குத் தெரியும்ப்பா. இருபத்திரண்டு வருஷமா சீட்டுப் போடறேன். ஒண்ணும் இல்லைதான்." மாரிவிக் ஒரு வாழைப்பழத்தை உரித்தாள். "ஆனா எழுதறவன் எந்திரிச்சுப் போகமாட்டான். அட்டையில பாதி காலியா இருந்தா அவனுக்கு மனசு வராது. நீ பக்காராவில ஒன்பது வருஷம் நின்னியே, இதைப் பாக்கலையா?"

"அவங்க முட்டாளுங்கன்னுதான் பாத்தேன்."

"அதான். நான் அவங்க கையைப் பாத்தேன்." அவள் தோலைத் தொட்டியில் போட்டாள். "உனக்குப் பிடிக்கலைன்னா எடுத்துடறேன். உன் ஆட்டம். ஆனா என் பொண்ணுக்குப் பல்லுக்கு கம்பி போட நாள் குறிச்சிருக்கேன், அதையும் மனசுல வெச்சுக்கோ."

லைல் மனதில் வைத்துக்கொண்டான். பிறகு, கொள்கைக்காகப் பல்லும் காத்திருக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தான். நேராகக் கெஸிங்கரின் அறைக்குப் போய், சோதனை ஓட்டத்தில் அனுமதிக்கப்படாத பொருட்கள் மேஜையில் பயன்படுத்தப்படுகின்றன என்று எழுத்து மூலம் புகார் கொடுத்தான். கெஸிங்கர் அதை மூன்று முறை படித்தார்.

"உன் ஆட்டம் ஜெயிக்குதுன்னு உன் ஆட்டத்து மேலயே புகார் கொடுக்கற. இருபது வருஷத்துல இப்படி ஒருத்தனை நான் பாத்ததில்ல."

"தப்பான காரணத்துக்காக ஜெயிக்குது, ட்வைட்."

"சரியான காரணத்துக்காகத் தோக்கணுமா? சரி. எழுதிக் கொடுத்துட்ட, நான் தடுக்கத்தான் வேணும். பென்சிலை எடுத்துடறோம்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேஜையோரம் ஒரு அட்டை நின்றது: இந்த மேஜையில் பென்சில் கூடாது. பத்து பத்துக்கு நான்கு பேர் எழுந்தார்கள். பத்தே காலுக்கு ஓபல் அம்மாள் கடைசியாக எழுந்தார்.

"என்னைக்கு ஒரு இடத்துல எழுதிக்கக் கூடாதுன்னு சொல்றாங்களோ, அன்னைக்கு அங்க ஏதோ தில்லுமுல்லு நடக்குதுன்னு அர்த்தம் கண்ணு," என்று மாரிவிக்கிடம் ரகசியமாக, ஆனால் தளம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "பஸ்ஸுல நான் லாக் புக் எழுதாம ஒருநாளும் சாவியைத் திருப்பினதில்ல."

திங்கட்கிழமை வரை ஆறு நாற்காலியும் காலி. மாரிவிக் கைகளைத் துணிமேல் வைத்து, யாருமில்லாத திசையைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள். ஒருதடவை லைல் பக்கமும் அதே புன்னகையைத் திருப்பினாள். அது வேலைக்கான புன்னகை. அவனுக்குத் தனியாக ஒன்றும் ஒதுக்கவில்லை. கெஸிங்கர் ஒரு அளவு நாடாவோடு வந்து பதினேழாம் மேஜையின் நீளத்தை அளந்தார்.

"எதுக்கு அளக்கறீங்க?" சூரியகாந்திப் பூவிலிருந்து லைல் கத்தினான்.

"வர்ற சனிக்கிழமை இந்த இடத்துல தயிர் ஐஸ்கிரீம் மெஷின் வெக்கப் போறோம். ஃப்ரோசன் யோகர்ட். அதுக்காவது கூட்டம் வரும்."

அன்று லைலால் உட்கார முடியவில்லை. காரில் ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான். பௌல்டர் நெடுஞ்சாலையில் வடக்கே போனான், எதற்கென்று தெரியாமல் தெற்கே திரும்பினான். பழைய ஹோட்டலின் ஊழியர் வாசல் வழியாகப் போய்ப் பார்த்தான். ஓய்வறையில் யாரோ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரில் வரிசையாக ஆணிகள், ஆணிகளில் ஏப்ரன்கள். ஒரு ஆணி காலியாக இருந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த அவன் பெயரை இன்னும் யாரும் கிழிக்கவில்லை. ஒருவரும் கவனிக்காதபோது அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். நூற்று நாற்பத்து நான்கு துண்டுப் பென்சில்கள், ஒரு கட்டு அட்டைகள். ஒன்பது வருட வேலையில் அவன் அந்த ஹோட்டலிலிருந்து எடுத்த முதல் பொருள் அதுதான். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும், பழக்கதோஷத்தில் கைகளைத் தட்டி விரித்துக் காட்டினான். காட்டியபோது ஒரு பென்சில் மடியில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கெஸிங்கரின் மேஜையில் பெட்டியை வைத்தான்.

"புகாரைத் திரும்ப வாங்கிக்கறேன்."

"எழுத்துல கொடு. காரணமும் எழுதணும், அதிகாரிங்க கேப்பாங்க."

லைல் பேனாவை எடுத்தான். வைத்தான். எழுந்து ஜன்னல் வரை நடந்தான். திரும்பி வந்தான். ஒருவழியாக எழுதிக் கொடுத்ததைக் கெஸிங்கர் உரக்கப் படித்தார்: "இந்த ஆட்டத்தை முழுமையாக அனுபவிக்க வாடிக்கையாளருக்குப் பென்சில் தேவைப்படுகிறது. இதனால் ஆட்டத்தின் முடிவில் எந்த மாற்றமும் ஏற்படாது என்பதைக் கண்டுபிடிப்பாளன் உறுதியளிக்கிறான்." மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "கடைசி வரி எதுக்குப்பா?"

"அது உண்மை."

"நீ மாறவே மாட்ட," என்றார் கெஸிங்கர், கொஞ்சம் பிரியத்தோடு.

மாரிவிக் ஓபல் அம்மாளுக்குப் போன் செய்தாள். ஓபல் அம்மாள் தோழிகளுக்குச் செய்தார். ஆனாலும் புதன்கிழமை இரண்டு பேர், வியாழக்கிழமை மூன்று பேர். ஒருமுறை தில்லுமுல்லு என்று பேர் வாங்கிய மேஜைக்கு ஜனங்கள் பூனை நடை நடந்துதான் திரும்பி வருவார்கள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு கில் ஸ்டாட்லர் வந்தார். பெரிய உடம்பு, சிறிய பை. லைல் எழுந்து கைகொடுக்கப் போனான். கில் கையால் தடுத்துவிட்டு நேராக மேஜையைப் பார்க்கப் போனார். நாற்காலிகளில் நான்கு பேர். ஐந்து வேண்டும் என்றிருந்தார். லைலின் கால் ஆட ஆரம்பித்தது. அவனது ஸ்லாட் மெஷினின் முன்னால் அடுக்கியிருந்த மூன்று காபிக் கோப்பைகள் சேர்ந்து ஆடின.

கில் பத்து நிமிடம் நின்று பார்த்தார். பின்னர் ஐந்தாவது நாற்காலியை இழுத்துத் தானே உட்கார்ந்தார். ஓபல் அம்மாள் அவர் பக்கம் அட்டையைத் தள்ளினார்.

"எழுதிக்குங்க. தென்கரை இன்னைக்கு நல்ல மூடுல இருக்கு."

"துணியில வேற மாதிரி எழுதியிருக்கே?"

"அதை எழுதினவன் விளையாடறானா பாருங்க," என்றார் ஓபல் அம்மாள். "நாமதான் விளையாடறோம்."

கில் பென்சிலை எடுத்தார். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்ததும் மாரிவிக்குக்கு ஒரு பந்தய வில்லையை டிப்ஸாகத் தள்ளிவிட்டு, கெஸிங்கரின் அறைக்குப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

லைல் ஸ்லாட் மெஷின் முன்னால் உட்கார்ந்தான், எழுந்தான், உட்கார்ந்தான். வேறெங்கும் பார்க்க முடியாமல் பதினேழாம் மேஜையைப் பார்த்தான். தென்கரை. மறுபடி தென்கரை. மாரிவிக் நதியைத் திறந்தாள், ஒன்பது. வடக்கே இரண்டு, தெற்கே பத்து. தென்கரை. கதவு திறக்கவில்லை. சட்டைப் பையில் ஏதோ குத்தியது. காரில் மடியில் விழுந்த அந்தத் துண்டுப் பென்சில். அதைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தான், வேறொன்றும் செய்யவில்லை. நான்காவது தென்கரை வந்தபோது பக்கத்து மெஷின்மேல் யாரோ விட்டுப் போயிருந்த அட்டையை அருகே இழுத்தான். அருகே இருக்கட்டும் என்றுதான்.

கதவு திறந்தது. கில் இரண்டு பக்க ஒப்பந்தத்தோடு வந்து மெஷின்மேல் விரித்தார்.

"ரெண்டே மாற்றம். துணியில அந்தத் தங்க எழுத்து போகணும். மேலே முடிவு காட்டற போர்டு வரணும். மறுபடி மனு, மூணு மாசம் ஆகும், அதை எங்க ஆளுங்க பாத்துக்குவாங்க. இதுல கையெழுத்துப் போடு." பேனாவை நீட்டினார். "வாதம் பண்ணப் போறியா?"

"இல்லை. படிச்சுப் பாத்துட்டுப் போடறேன்," என்றான் லைல்.

"படி, படி. படிக்காம போடறவங்கதான் ஜாஸ்தி. நீ ஜாக்கிரதையான ஆளுன்னு எனக்குத் தெரியும்."

லைல் முதல் பக்கத்தைப் படித்தான். அதாவது, முதல் பக்கத்தின் மேல் கண்ணை வைத்திருந்தான். இருபது அடி தள்ளி மாரிவிக் நதியைத் திறந்தாள். ஐந்தாவது தென்கரை. ஐந்தாவதாகத் தென்கரை வந்த ஒரு நாளில், அதுவும் ஒரு வெள்ளிக்கிழமையில், போய் யாராவது வாழ்க்கையில் ஒருமுறை போடும் கையெழுத்தைப் போடுவார்களா? லைல் பக்கத்தைத் திருப்பினான். இரண்டாம் பக்கத்தையும் மிகக் கவனமாகப் படித்தான். முதல் பக்கத்துக்குத் திரும்பினான். கில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மாரிவிக் மறுபடி நதியைத் திறந்தாள். ஆறு. தெற்கே ராஜா. வடக்கே... அவள் சீட்டைத் திருப்புவதற்கு முன் ஒரு கணம் லைல் இருந்த பக்கம் பார்த்தாள். ஐந்து. வடகரை.

ஓபல் அம்மாள் கூவினார். மேஜையில் நான்கு தலைகள் குனிந்தன, ஐந்தாவது இருபது அடி தள்ளி. ஒப்பந்தத்தின் அடியில், கில்லின் கண்ணுக்குப் படாத இடத்தில், லைல் அட்டையின் ஆறாவது கட்டத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டான். அப்புறம் பேனாவை வாங்கிக்கொண்டான்.